மேலுக்கு முடியலைன்னா இங்கிலீஷ்ல என்ன?

கார் நெல்லுக்குப் பால் பிடிக்கிற சமயத்தில் வயலில் தண்ணி வற்றக் கூடாது. போன வருசம் ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம், மடையைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, 'ஐ திங்க் ஐ ஆம் கோயிங் டு பாஸ் அவுட்!' என்று கத்தினேன். எதிரே நின்ற மகள், 'ப்ளீஸ் சிட் டவுன், சார். வென் டிட் யூ லாஸ்ட் ஈட்?' என்று கேட்டாள்.

ரெண்டு வயல் தள்ளி புல் அறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி அருவாளோடு ஓடி வந்துவிட்டார்.

'என்னடே, மேலுக்கு முடியலையா? கிறுகிறுன்னு வருதா?'

'ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நடிக்கோம்.'

'நடிக்கியளா? வரப்புல நின்னா?'

தலையை ஆட்டிக்கொண்டே போனார். ராத்திரிக்குள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக டீக்கடை வரை சேதி போயிருந்தது.

வயலைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் பட்டணத்து நண்பர்கள் கேட்பீர்கள். இந்தத் தடவை இங்கிலீஷைப் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீர்கள், வயலும் கூடவே வரும்.

மகள் நர்சு. 2019-ல் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். சேரன்மகாதேவியில் ரயில் ஏறி, செங்கோட்டைப் பாசஞ்சரில் போய் வருவாள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு வந்ததில், எங்கள் ஆற்றோர வயலில் நட்டு ஒரு மாசம்கூட ஆகாத பிசானப் பயிர் மணலுக்குள் போய்விட்டது. அந்த மணலை அள்ளிப் போட்டு வயலை மறுபடி வயலாக்க வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தை மாசத்தில்தான் அவள் சொன்னாள்: 'எப்பா, நான் லண்டனுக்கு முயற்சி பண்ணிப் பாக்கேன்.' எங்கள் ஊருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான்.

அதுக்கு ஓ.இ.டி. என்று ஒரு பரீட்சை எழுத வேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்காரர்களுக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. ஒவ்வொன்றும் 500-க்கு. நர்சுகளுக்கு எழுதுவதில் 300, மற்ற மூன்றிலும் 350 வேண்டும். பேசுகிற பகுதியில் ரெண்டு காட்சி. கையில் ஒரு கார்டு கொடுப்பார்கள். மூணு நிமிசம் படித்துப் பார்க்கலாம். அப்புறம் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ பேசுவார். ஐந்து நிமிசம் நம்ம பிள்ளை நர்சாக நின்று பதில் பேச வேண்டும்.

2024 ஜூனில் முதல் தடவை எழுதினாள். மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள். பேசுவதில் 330. இருபது மார்க்கில் போயிற்று. மறுபடி எழுத வேண்டுமென்றால் மறுபடி கட்டணம், அது முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்த வருசம் கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,405 ரூபாய். பதிமூணு குவிண்டால் நெல் வேண்டும், அதாவது எங்கள் ஒரு ஏக்கர் மகசூலில் பாதிக்கும் மேல். முதல் தடவைக் கட்டணத்துக்கு அவள் அம்மாவின் வளையல் ஒன்று வங்கிக்குப் போயிருந்தது. ரெண்டாவதுக்குக் கார் நெல்லைத்தான் நம்பியிருந்தோம்.

எங்கே தவறினாள் என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. 'நல்லாத்தான் பேசினேம்ப்பா. கிராமர் தப்பே விடல.'

அதற்குக் காரணம், அடுத்த வாரம் ஆன்லைன் பயிற்சி வகுப்பில் தெரிந்தது. நோயாளியாக நடித்த டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'ஐ காண்ட் கீப் எனிதிங் டவுன்' என்றாராம். என்ன சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்காமல் வெளியே வந்துவிடுகிறது என்று அர்த்தம். இவளுக்கு கீப் தெரியும், டவுன் தெரியும். எதையோ கீழே வைக்க முடியாமல் கஷ்டப்படுகிறார் போல என்று நினைத்து, 'கிவ் இட் டு மீ, ஐ வில் கீப் இட் டவுன் ஃபார் யூ' என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

வாமிட்டிங், ஃபெயின்ட்டிங், டிஸ்சார்ஜ் எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. புத்தகத்து இங்கிலீஷில் அவளை அசைக்க முடியாது. ஆனால் அந்த ஊர் நோயாளி புத்தகம் படித்துவிட்டா ஆஸ்பத்திரிக்கு வருவான்? கம், கோ, புட், கெட், கிவ், டேக், லுக், ரன் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வினைச்சொற்களை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு அப், ஒரு டவுன், ஒரு ஆஃப் சேர்த்து, தன் வலி முழுவதையும் சொல்லிவிடுவான். தனித்தனியாகத் தெரிந்த ரெண்டு சொல் ஒன்றாகச் சேர்ந்ததும் தெரியாத மூணாவது சொல்லாகிவிடும்.

எனக்கு இது புதுசு இல்லை. 1986-ல் பாளையங்கோட்டையில் படித்தபோது எங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். புட் ஆஃப், தள்ளிப்போடு. புட் அவுட், அணை. புட் ஆன், உடுத்து. புட் அப் வித், பொறுத்துக்கொள். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றையாவது ஒரு மனுசனிடம் சொல்லியிருக்கிறேனா என்றால், இல்லை. முப்பத்தெட்டு வருசம் விதையைக் குலுக்கையிலேயே போட்டு வைத்திருந்த மாதிரிதான்.

'எட்டி, பட்டியலை மனப்பாடம் பண்ணாத. அப்பா மாதிரி ஆயிருவே. நான் நோயாளியா நிக்கேன், நீ பேசு' என்றேன்.

அப்படித்தான் வரப்பு வகுப்பு ஆரம்பித்தது. காலை டூட்டி இருக்கிற நாளில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் வயலுக்கு வந்துவிடுவாள். ஆறு மணி வரைக்கும் நடக்கும்.

முதல் ரெண்டு நாள் சரியாக வரவில்லை. இவள் இங்கிலீஷில் யோசிக்கப் பார்த்தாள், அங்கே சாமானே இல்லை. மூணாம் நாள் அண்ணாச்சி கேட்ட கேள்விதான் வழிவிட்டது. 'மேலுக்கு முடியலையா?'

'உங்க ஆஸ்பத்திரிக்கு வெளியூர் டாக்டர் வந்தா, நம்ம ஆளு மேலுக்கு முடியலன்னு சொன்னா என்ன பண்ணுவாரு?' என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். அப்படி ஒரு டாக்டர் வந்தே இருக்கிறாராம். 'மேலே எங்க? தலையா, கழுத்தா?' என்று அவர் கேட்க, பாட்டி 'மேலுக்குத்தாம்யா, மேலுக்கு' என்று திரும்பத் திரும்பச் சொல்ல, கடைசியில் இவள்தான் போய், நம்ம பக்கம் மேல் என்றால் உடம்பு என்று விளக்கியிருக்கிறாள்.

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து, அவள் வார்டில் ஒரு நாளில் கேட்கிற பேச்சையெல்லாம் எண்ணிப் பார்த்தோம். வயித்தால போவுது. மூச்சு வாங்குது. பசி எடுக்கல. வயித்தைப் பெரட்டுது. கண்ணைக் கட்டிட்டு வருது. தொண்டை கட்டிக்கிட்டு. இடுப்பு பிடிச்சுக்கிட்டு. காய்ச்சல் அடிக்கு. காய்ச்சல் விட்டுட்டு. பாருங்கள், போ, வாங்கு, எடு, கட்டு, பிடி, அடி, விடு. எல்லாம் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த வினைச்சொல். மூச்சைக் கடையில் போய் வாங்க முடியுமா? கண்ணை எந்தக் கயிற்றால் கட்டுவது? நாம் அப்படி யோசிப்பதே இல்லை. யாரோ சொன்னார்கள், பக்கத்தில் இருந்தோம், அவர்கள் முகத்தைப் பார்த்தோம், புரிந்துவிட்டது.

தண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன். ஆளை ஏய்த்து அலைய விட்டாலும் அதற்குப் பெயர் தண்ணி காட்டுவதுதான். சாயங்காலம் தண்ணி அடித்தால் அது வேறே தண்ணி. பிள்ளையைத் தண்ணி தெளித்து விட்டாயிற்று என்றால் உறவே முடிந்தது. வெள்ளைக்காரன் ஒருத்தன் அகராதியோடு எங்கள் ஊரில் வந்து இறங்கினால் இதில் எத்தனை நாள் தடுமாறுவான்! 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் 1856-ல் திராவிட மொழிகளுக்கே ஒப்பிலக்கணம் எழுதிவிட்டார். அவரும் முதல் வருசத்தில் தேரிக்காட்டில் யாராவது 'மேலுக்கு முடியல சாமி' என்றபோது மேலே அண்ணாந்து பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் அங்கேயே அம்பது வருசம் இருந்து ஜனங்களோடு பேசிக் கற்றுக்கொண்டார். என் மகளுக்கு மூணு மாசம்தான்.

அதனால் முறையை மாற்றினோம். முதலில் நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு சீக்கைச் சொல்வேன். அதுக்கு ஈடான அந்த ஊர்ப் பேச்சை அவள் தேடிக்கொண்டு வர வேண்டும். வாந்தி எடுத்தேன் என்றால் ஐ த்ரூ அப். கண்ணைக் கட்டிக்கொண்டு விழுந்துவிட்டேன் என்றால் ஐ பாஸ்டு அவுட். தெளிந்து எழுந்தேன் என்றால் ஐ கேம் ரவுண்ட். மேலெல்லாம் தடிப்பு தடிப்பாகப் புறப்பட்டுவிட்டது என்றால் ஐ ப்ரோக் அவுட் இன் எ ராஷ். மருந்து வேகம் இறங்கிவிட்டது என்றால் இட் ஹேஸ் வோர்ன் ஆஃப். எங்கள் குடும்பத்திலேயே சர்க்கரை உண்டு என்றால் இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி. அங்கே சீக்கு குடும்பத்துக்குள் ஓடுகிறது, நமக்குப் பொழப்பு ஓடுகிறது. மேலுக்கு முடியலை என்பதற்குப் பக்கத்தில் வருகிற சொல்லையும் ஒரு நாள் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐ ஃபீல் ரன் டவுன். முதலில் லாரி ஏறிவிட்டது என்று நினைத்தாளாம்.

ஒரு நாளைக்கு அஞ்சு சொல்லுக்கு மேல் கிடையாது. ஆனால் அந்த அஞ்சையும் அவள் நோயாளியாக ஒரு தடவை, நர்சாக ஒரு தடவை, நேற்று நடந்ததாக ஒரு தடவை சொல்ல வேண்டும். வாயில் வராத சொல் மறு நாளும் வரும். சொல்லுக்கு நடுவில் எதை நுழைக்கலாம் என்பதும் ஒரு வம்பு. சட்டையைக் கழற்றுங்கள் என்பதை டேக் ஆஃப் யுவர் ஷர்ட் என்றும் சொல்லலாம், டேக் யுவர் ஷர்ட் ஆஃப் என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை' என்று வந்துவிட்டால் டேக் இட் ஆஃப் மட்டும்தான். 'இது என்னப்பா நியாயம்?' என்றாள். 'கைவிட்டான்னா என்ன? கையை விட்டான்னா என்ன?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். ஒரு ஐ நுழைந்ததும், ஆளையே அம்போ என்று விட்டது வெறும் கையை விட்டதாக மாறிவிடுகிறது. நமக்கு அந்த நியாயத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

சிரிப்பாக ஒன்று. அவள் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே, 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்பாள். நம்ம நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பு முடித்ததை அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே போய்ச் சொன்னால், நர்சிங் காலேஜில் 2019-ல் மயங்கி விழுந்தேன் என்று ஆகிவிடும். அதை நாக்கிலிருந்து பிடுங்க ஒரு வாரம் ஆனது.

இன்னொரு சொல் அப்படிச் சிரிப்பாகப் போகவில்லை.

புரட்டாசியில் கதிர் பழுக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் கார்டில், நோயாளி இறந்துவிட்ட சேதியை அவர் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்காரர். அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, 'ஐ ஆம் வெரி சாரி, சார். யுவர் வைஃப் எக்ஸ்பயர்ட்' என்றாள்.

எனக்கு அடுத்து பேச வரவில்லை. அவளுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது.

2021 மே மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு ஒரு பிள்ளை வெளியே வந்து, 'பேஷண்ட் எக்ஸ்பயர்ட் சார்' என்றது. எனக்கு அந்தச் சொல் நல்லாத் தெரியும். பூச்சி மருந்து வாங்கினால் பாட்டிலைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். இருபத்தெட்டு வருசம் என்னோடு இருந்தவளுக்கு அந்தச் சொல்லா என்று ஒரு நிமிசம் தோன்றியது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நாள் தூங்காத கண்ணோ. அதுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த சொல் அது. என் மகளும் தன் வார்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்ம ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அப்படியே வாயிலும் வந்துவிடுகிறது.

'அங்கே எப்படிச் சொல்வாங்க?' என்று கேட்டேன்.

டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னாள். நர்சு சொல்லும்போது சுற்றி வளைக்காமல், மெதுவாக, ஷி ஹேஸ் டைட் என்றே சொல்லலாமாம். அப்போதுதான் கேட்பவருக்குக் குழப்பம் இருக்காது. ஆனால் குடும்பத்தார் அனேகமாகப் பாஸ்ட் அவே என்றுதான் பேசுவார்கள். அது காதில் விழுந்ததும் நர்சுக்குப் புரிந்துவிட வேண்டும், தானும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நாம் தவறிட்டாங்க என்போம், போய்ச் சேந்துட்டாங்க என்போம். தவறு, போ, சேர். அங்கேயும் சின்னச் சொல்தான்.

பாஸ் அவுட் என்றால் தெளிந்து வருவார்கள். பாஸ் அவே என்றால் வரமாட்டார்கள். பின்னால் ஒட்டுகிற அந்த ஒரு துண்டுச் சொல்லில் இவ்வளவு இருக்கிறது என்பது 1986-ல் பட்டியலை ஒப்பித்தபோது எனக்குத் தெரியாது.

அதுக்குப் பிறகு அவள் படித்த விதமே மாறிவிட்டது. மார்க்குக்காகப் பேசுகிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்பயர்ட் சொல்வதை விட்டுவிட்டாள். 'அம்மா தவறிட்டாங்க அண்ணே' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாளாம்.

கார் நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, காசு வந்ததும் பரீட்சைக்குக் கட்டினோம். நவம்பரில் தேதி கிடைத்தது. பரீட்சைக்கு முதல் வாரம், பிசானத்துக்கு நாற்றங்காலில் தண்ணி நின்றது. கடைசி கார்டு. எழுபது வயசுக்காரர், கீழே விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறார். நர்சு அவரிடம் வீட்டு நிலவரத்தை விசாரிக்க வேண்டும்.

நன்றாகப் பேசினாள். ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன், டோன்ட் புட் ஆஃப் யுவர் செக்-அப் என்று எல்லாம் தன்னால் வந்தது. அப்புறம் கேட்டாள்: 'அண்ட் ஹூ லுக்ஸ் ஆஃப்டர் யூ அட் ஹோம்?'

நான் யோசிக்காமல், 'நோபடி. ஐ கெட் பை' என்றேன்.

கெட் பை அந்த வாரம் படித்த சொல். எப்படியோ ஓட்டிக்கிடுதேன் என்று அர்த்தம்.

அவள் கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'எப்பா, கார்டுல மனைவி இருக்காங்கன்னுலா போட்டிருக்கு?'

'மறந்துட்டேம்மா. மறுபடி கேளு.'

அவள் மறுபடி கேட்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மூணு மாசமாக ரெண்டு பேரும் பேசாமல் தள்ளிப் போட்டுவந்த பேச்சு அது. புட் ஆஃப், எனக்குத்தான் தெரிந்த சொல்லாயிற்றே. 'நான் போகல்லன்னா என்னப்பா?' என்றாள். 'போ. வயலு எங்கேயும் போவாது. நானும் போகமாட்டேன்' என்றேன். கடனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்றங்காலில் கொக்கு வந்து இறங்கியது. விரட்டப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

பேசுவதில் 360 வாங்கினாள். இந்த வருசம் மே மாசம் கிளம்பிப் போனாள். லண்டனிலிருந்து ரெண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு ஊர். முதியோர் வார்டு. முதல் வாரமே ஒரு பாட்டி, 'ஐ காண்ட் கீப் எனிதிங் டவுன், லவ்' என்றாராம். ஓடிப் போய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு ராத்திரி முதலில் போன் பண்ணினாள்.

இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுவேன். பட்டியல் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் எதிரே ஒரு ஆளாக நீங்கள் நில்லுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் சொல் வாயிலிருந்து வெளியே வரும்.

இந்த வருசமும் கார் நட்டாயிற்று. ஒற்றை ஆளாகத்தான் மடையைப் பார்க்கிறேன். அவள் டூட்டி முடிகிற நேரம் நமக்கு ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். அதனால் அவள் டூட்டிக்குப் போவதற்கு முன்னால், நான் வயலுக்கு வந்ததும் கூப்பிடுவாள். நேற்றும் கூப்பிட்டாள்.

'எப்பா, சாப்ட்டியளா? என்ன சாப்ட்டிய?'

'ஐ கெட் பை' என்றேன்.

'கார்டுல அப்படி இல்லப்பா' என்றாள். 'பக்கத்து வயல் பெரியப்பாட்ட போனைக் குடுங்க. நான் கேட்டுக்கிடுதேன்.'

கொடுத்தேன். அண்ணாச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: 'இருக்கான் மக்கா, நல்லாத்தான் இருக்கான். நான் பாத்துக்கிடுதேன்.'

லுக் ஆஃப்டர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.